கைக்கடிகாரச் சீரமைப்பும் மூலத்தன்மையும்: பேராக் தோட்டப்புற வரலாற்று நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுத முற்படுவோர் எதிர்கொள்ளும் முதன்மையான இடர் சான்றுப் பற்றாக்குறையாகும். தோட்டத்துக் கணக்கேடுகளும் செக்ரோல் புத்தகங்களும் கடிதப் போக்குவரத்துகளும் நிறுவனங்களின் உடைமையாக இருந்தவை. அவற்றில் தொழிலாளி ஒரு பெயராகவோ எண்ணாகவோ மட்டுமே இடம்பெறுகிறான். அவன் தன் கைப்பட எழுதி வைத்தவை மிகக் குறைவு. 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னர் இரப்பர் செம்பனைக்கு இடம்விட்டதும், நகர விரிவாக்கமும் லயங்களையும் கோயில்களையும் பள்ளிகளையும் இடம்பெயரச் செய்தன; பல இடங்களில் அடையாளமே இல்லாமலும் ஆக்கின. ஆகவே, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தம்முடன் எடுத்துச் சென்ற பொருள்கள் இன்று ஆவண மதிப்புப் பெறுகின்றன.

அத்தகைய பொருள்களுள் ஒன்று கைக்கடிகாரம். பேராக் மாநிலத்தில், குறிப்பாக ஈப்போ, பத்து காஜா, சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரங்களில், தோட்டத்துக் கிராணியாகவோ தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ தண்டலாகவோ பணியாற்றிய ஒருவர் விட்டுச் சென்ற பழைய சாவிக் கடிகாரம் அவர்தம் பேரப்பிள்ளைகளின் இழுப்பறையில் கிடப்பது அரிதன்று. அதனை மீண்டும் ஓடச் செய்ய வேண்டும் என்னும் விருப்பம் இயல்பானது. ஆனால், சீரமைப்பு என்னும் பெயரில் அக்கடிகாரம் தாங்கியிருக்கும் சான்றுகள் அழிந்துபோகவும் கூடும். பழைய கைக்கடிகாரத்தின் மூலத்தன்மை என்பது யாது, அதனைக் காத்துக்கொண்டே சீரமைப்பது எங்ஙனம் என்னும் இரு வினாக்களைப் பேராக் தோட்டப்புற வரலாற்றின் பின்னணியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாழிகையிலிருந்து மணிக்கு

காலத்தை அளந்தறிதல் தமிழருக்குப் புதியதன்று. அரசனின் பாசறையில் பொழுதை அளந்து அறிவிப்போர் இருந்தமையை முல்லைப்பாட்டு காட்டுகிறது. 24 நிமிடம் கொண்ட நாழிகையே அண்மைக்காலம் வரையில் சிற்றூர் மக்களின் கால அளவாக விளங்கியது. கடிகாரம் என்னும் சொல்லும் நாழிகையைக் குறிக்கும் ‘கடிகை’யோடு உறவுடையதே. எனவே, மலாயாவுக்கு வந்த தமிழர் காலக்கணக்கு அறியாதவர் அல்லர். அவர்களுக்குப் புதியதாக இருந்தது, பிறரொருவர் கையிலுள்ள கருவி தம் கூலியைத் தீர்மானித்தமையேயாகும்.

பேராக்கில் கடிகார நேரம் வேரூன்றிய விதத்தைச் சில ஆண்டுகளைக் கொண்டே காட்டலாம். கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-ஆம் ஆண்டு தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதே 1885-இல் தெலுக் இந்தானில் நீர்த்தொட்டியும் கடிகாரமும் ஒருங்கே கொண்ட கோபுரம் எழுந்தது. இன்று சாய்ந்த கோபுரமாகப் பெயர் பெற்றிருப்பது அதுவே. ஈப்போவில் பர்ச் நினைவு மணிக்கூண்டு 1909-இல் நிறுவப்பட்டது. இரயிலும் மணிக்கூண்டும் நகரத்துக்கு நேரம் சொன்னதுபோல், தோட்டத்துக்கு நேரம் சொன்னது விடியுமுன் ஒலித்த மணியோசையாகும். அவ்வோசை கேட்டதும் தொழிலாளர் பெரட்டுக் களத்தில் திரள வேண்டும், பெயர் வாசிக்கப்படும், தாமதித்து வந்தவர் அன்றைய வேலையை இழக்க நேரிடலாம்.

மணியை அடித்தவன் தொழிலாளியாக இருக்கலாம். எப்பொழுது அடிப்பது என்பதை அறிந்திருந்தது அலுவலகத்துக் கடிகாரம். அக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடிய மற்றொரு கருவியை ஒரு தமிழர் தம் மணிக்கட்டில் அணிந்திருந்தார் எனில், அது அணிகலன் மட்டுமன்று என்பதை உணரலாம்.

கதிரவனும் கடிகாரமும்

பால்மரம் வெட்டுதல் கதிரவனைச் சார்ந்த தொழில். இரவில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் விடியற்பொழுதில் வெட்டினால் பால் நன்கு வடியும். வெயில் ஏறியதும் வடிதல் குறையும். மரத்துக்குக் கடிகாரம் தெரியாது. ஆனால், அரசாணைகள் கடிகாரத்தை மீண்டும் மீண்டும் மாற்றின.

ஈப்போ ஏறத்தாழ 101 பாகை கிழக்கு நெட்டாங்கில் அமைந்துள்ளது. கதிரவனை மட்டும் கணக்கிட்டால் அதன் நேரம் கிரீனிச் நேரத்தைவிட ஏறத்தாழ 6 மணி 44 நிமிடம் முந்தியதாகும். 1905-ஆம் ஆண்டு சூன் முதல் நாளிலிருந்து மலாய் மாநிலங்களில் 7 மணி நேர வேறுபாடு கடைப்பிடிக்கப்பட்டது. 1933 சனவரி முதல் நாளில் அது 7 மணி 20 நிமிடமாகவும், 1941 செப்டம்பர் முதல் நாளில் 7 மணி 30 நிமிடமாகவும் உயர்த்தப்பட்டது. 1942-இல் சப்பானிய ஆட்சியினர் தோக்கியோ நேரத்தைத் திணித்தனர். அதாவது 9 மணி நேர வேறுபாடு. 1945 செப்டம்பரில் பழைய 7 மணி 30 நிமிடம் மீண்டது. 1982 சனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியா இன்றைய 8 மணி நேர வேறுபாட்டை ஏற்றது.

இவ்வெண்களின் பொருளைத் தோட்டத்திலிருந்து நோக்க வேண்டும். ஈப்போ வட்டாரத்தில் சராசரியாகக் கதிரவன் எழும் பொழுது 1932-இல் கடிகாரத்தில் ஏறத்தாழ 6 மணி 16 நிமிடம். அடுத்த ஆண்டில் அது 6 மணி 36 நிமிடமாயிற்று. 1941-இன் இறுதியில் 6 மணி 46 நிமிடம். சப்பானியர் காலத்தில் 8 மணி 16 நிமிடம். இன்று 7 மணி 16 நிமிடம். கதிரவன் இடம் மாறவில்லை. ஆட்சிகளும் சட்டங்களும் மாறின. 1932-இல் வாங்கப்பட்டு 1982 வரை பயன்பட்ட ஒரு கைக்கடிகாரத்தின் சாவியை அதன் உடைமையாளர் அரசாணைக்காக மட்டும் ஐந்து முறை இழுத்து முள்ளைத் திருப்பியிருப்பார். ஐந்தனுள் ஒன்று அடிமைப்பட்ட காலத்தின் நேரம். மற்றொன்று அதிலிருந்து மீண்ட நேரம். இத்தகைய வரலாற்றினூடே வந்த கருவியைப் பழம்பொருள் என்ற அளவில் மட்டும் மதிப்பிடல் போதாது.

கடிகாரம் அணிந்தோர்

முதல் உலகப் போர்க்காலத்துக்குப் பின்னரே ஆண்கள் கைக்கடிகாரம் அணிவது உலகெங்கும் பரவலாயிற்று. அதற்கு முன்னர்ச் சட்டைப்பைக் கடிகாரமே வழக்கு. தோட்டப்புறத்தில் கடிகாரம் வாங்கும் வசதி பெற்றிருந்தோர் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெற்றவர்களே: கிராணிமார், மருத்துவ உதவியாளர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சில கங்காணிகள். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. அதன் பயனாகத் தோட்டந்தோறும் ஓர் ஆசிரியர் வேண்டப்பட்டார். பெரட்டு முடிந்த பின்னரே பள்ளி தொடங்கிய இடங்களில், அலுவலக மணிக்கும் பள்ளி மணிக்கும் இடையே நின்றவர் அவரே.

இக்கடிகாரங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் ஆராயத்தக்கது. ஈப்போ, பினாங்கு நகரக் கடைகள் ஒரு வழி. தமிழகப் பயணம் மற்றொரு வழி. நாகப்பட்டினம், சென்னை ஆகிய துறைமுகங்களைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்த ‘இரசூலா’ கப்பல் 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடியது. இந்தியாவில் அக்காலத்தில் புகழ்பெற்றிருந்தது வெஸ்ட் எண்ட் நிறுவனத்தின் கடிகாரம். சுவிட்சர்லாந்தின் செயின்ட் இமியே ஊரில் செய்விக்கப்பட்டு, பம்பாயிலும் கல்கத்தாவிலும் விற்கப்பட்ட அக்கடிகாரங்களுள் ஒருவகைக்குக் குதிரைவீரனைக் குறிக்கும் ‘சோவார்’ என்றே பெயர். அதிர்ச்சி தாங்கும் ‘இன்காபிளாக்’ அமைப்பு 1934-இல் அறிமுகமானபோது அதனைத் தொடக்கத்திலேயே ஏற்ற நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. ஒரு குடும்பத்துக் கடிகாரத்தின் முகப்பிலுள்ள பெயர், அது எக்கரையில் வாங்கப்பட்டது என்பதற்கு முதற்குறிப்பாக அமையலாம்.

சப்பானியர் ஆட்சிக்கால நினைவுகளில், சிப்பாய்கள் வழியில் நிறுத்திக் கைக்கடிகாரங்களைப் பறித்தமை மீண்டும் மீண்டும் கூறப்படுகிறது. ஆகவே, 1941-க்கு முற்பட்ட ஒரு கடிகாரம் அதே குடும்பத்தில் தொடர்ந்து இருந்துவந்தது என்றால், அது மறைத்துக் காக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. 1948 சூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் லயங்கள் முள்வேலிக்குள் ஒருங்கிணைக்கப்பட்டன. ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. வேலிக்கதவு மூடும் நேரத்தைச் சரியாக அறிந்திருத்தல் அப்போது உயிர்ச்சிக்கலாகவே இருந்தது.

மூலத்தன்மை: இருவேறு பொருள்கள்

இனி மூலத்தன்மை என்னும் கருத்துக்கு வருவோம். பழங்கடிகாரச் சந்தையில் இச்சொல்லுக்குத் தெளிவான பொருளொன்று உண்டு. கடிகாரம் ஆலையை விட்டு வெளிவந்தபோது எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இருத்தல். முகப்பு, முள், உறை, சாவி, இயந்திரம் யாவும் முதலில் பொருத்தப்பட்டவையாகவே இருத்தல். மீள வண்ணம் பூசிய முகப்பும், மெருகேற்றித் தேய்ந்த உறையும், மாற்றிய சாவியும் சந்தையில் விலையைக் குறைப்பன. 2017-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேட்டோனா கடிகாரம் 1 கோடியே 77 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதன் மதிப்புக்குக் காரணம் உலோகமோ இயந்திரமோ அன்று. கவனமாக வண்டியோட்டுமாறு அவர் மனைவி பின்மூடியில் பொறிக்கச் செய்த சில சொற்களும், பயன்பாட்டின் தடங்கள் மறைக்கப்படாத நிலையும் அதன் வரலாற்றுக்குச் சான்று பகர்ந்தன.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பின்மூடியில் சொற்களைப் பொறித்தது ஆலையன்று. ஆலையின் நிலையே மூலம் எனில் அப்பொறிப்பு ஒரு மாற்றம், குறைபாடும் ஆகும். அங்ஙனம் எவரும் கருதவில்லை. புகழ்பெற்றவரின் வாழ்க்கைத் தடத்தைச் சந்தை சான்றாக ஏற்கிறது. பெயர் அறியப்படாத ஒருவரின் வாழ்க்கைத் தடத்தைச் சேதம் எனத் தள்ளுகிறது. தோட்டப்புறத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் இவ்வேறுபாட்டை ஏற்றல் இயலாது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். 1930-களில் செய்யப்பட்ட ஒரு சுவிஸ் கடிகாரம். அதன் உறை பித்தளையின்மேல் குரோமியப் பூச்சுடையது. வலப்புறப் பூச்சு வியர்வையால் உரிந்துள்ளது. சாவி வேறொரு நிறுவனத்துடையது, சற்றே பெரியது. பின்மூடியின் உட்புறத்தில், பழுது பார்த்தவர் ஊசிமுனையால் கீறிய எண்களும் எழுத்துகளும் நான்கைந்து இடங்களில் உள்ளன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இதனை விலை குறைந்த பொருளாகவே மதிப்பார். வரலாற்றாய்வாளர்க்கோ உரிந்த பூச்சு வெப்பநாட்டில் நாள்தோறும் அணியப்பட்டமைக்குச் சான்று. பெரிய சாவி, மூலப்பொருள் கிடைக்காத காலத்திலும் கடிகாரத்தைக் கைவிடாமல் ஓட வைத்தமைக்குச் சான்று. உட்புறக் கீறல்கள், ஈப்போவின் ஐந்தடி நடைபாதையில் அமர்ந்து பணிபுரிந்த பெயரறியாத் தொழிலாளர் ஒருவரின் கணக்கேடு. அக்கீறல்களில் தேதி இருக்குமாயின், கடிகாரம் எவ்வாண்டுகளில் பயன்பாட்டில் இருந்தது என்பதனையே நிறுவிவிடலாம்.

எனவே, நமக்கு மூலத்தன்மை என்பது செயின்ட் இமியே ஆலையில் ஒருநாள் இருந்த நிலையன்று. அந்நாள் தொட்டு இறுதியாக அணியப்பட்ட நாள் வரையில் அறுபடாமல் தொடரும் சான்றுத்தொகுதியே ஆகும்.

பதிப்பு நெறி தரும் வழிகாட்டல்

இக்கருத்து தமிழாய்வுக்குப் புறம்பானதன்று. உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகளும் சீர்களும் சிதைந்திருந்தன. அவ்விடங்களைத் தாமே இயற்றி நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமலில்லை. எனினும் அவர் இடைவெளியை இடைவெளியாகவே அச்சிட்டார். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இன்றுவரை வெற்றிடமாகவே நிற்கின்றன. பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டும் முறை, ஏடெழுதியோரின் கைத்தடத்தையும் வரலாற்றின் பகுதியாக மதிக்கும் முறையாகும். சிதைந்த அடியைச் செப்பனிட்டு எழுதி, அது புலவரின் வாக்கே எனக் கூறுபவரைப் பதிப்பாசிரியர் என நாம் ஏற்பதில்லை. மங்கிய முகப்பை வழித்துப் புதிய எழுத்துகளை அச்சிட்டு, அது மூல முகப்பே எனக் கூறுபவரையும் சீரமைப்பாளர் என ஏற்றல் தகாது.

கட்டடங்களுக்காக வகுக்கப்பட்ட 1964-ஆம் ஆண்டு வெனிசு சாசனமும் இதே நெறியை வலியுறுத்துகிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். எல்லாக் காலத்தவரின் பங்களிப்பும் மதிக்கப்பட வேண்டும். புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதனின்று வேறுபடுத்தி அறியத்தக்கதாக இருக்க வேண்டும் என்பன அதன் கருத்துகள். 1994-ஆம் ஆண்டு நாரா ஆவணம், மூலத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும் எனத் தெளிவுபடுத்தியது. வெப்பநாட்டில் உழைப்பவர் அணிந்த கடிகாரத்தை ஐரோப்பியக் காட்சிப்பெட்டியில் கிடந்த கடிகாரத்தின் அளவுகோலால் அளத்தல் பொருந்தாது என்பதற்கு இவ்வாவணம் அரண் செய்கிறது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். 1960-களில் உடைமையாளரே கடைக்குக் கொண்டுசென்று முகப்புக்கு மறுவண்ணம் பூசச் செய்திருந்தால் அதனை என்செய்வது? பம்பாய் போன்ற நகரங்களில் முகப்பை மறுவண்ணம் பூசித் தரும் தொழில் நெடுங்காலமாகவே உண்டு. பயன்பாட்டுக் காலத்தில், கடிகாரத்தைத் தொடர்ந்து அணியும் பொருட்டு நடைபெற்ற மாற்றம் அதன் வரலாற்றின் பகுதி. அதனை நீக்கி ‘மூல’ முகப்பைத் தேடிப் பொருத்துதல் ஓர் அத்தியாயத்தைக் கிழிப்பதாகும். பயன்பாடு முடிந்த பின்னர், பழமையைப் போலிசெய்து விற்கும் பொருட்டு நடைபெறும் மாற்றம் இடைச்செருகல். நோக்கத்தையும் காலத்தையும் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்தல் வேண்டும்.

சீரமைப்பின் எல்லைகள்

இந்நெறியைக் கடிகாரத்தின் உறுப்புகளில் எங்ஙனம் செயற்படுத்துவது என்பதை நோக்கலாம்.

இயந்திரத்தைப் பொறுத்தவரையில் துப்புரவும் எண்ணெயிடலும் இன்றியமையாதவை. பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகி, தூசியோடு சேர்ந்து அச்சுமுனைகளை அராவும். ஆகவே, பல ஆண்டுகள் கிடந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து ஓடுகிறதா எனப் பார்ப்பதே தீங்கு பயக்கும். நம் நாட்டின் ஈரப்பதத்தில் எஃகினாலான சாவித்தண்டும் திருகுகளும் முதலில் துருப்பிடிக்கின்றன. துருவை நிறுத்துதல் கட்டாயம்; அது சான்றன்று, சான்றை அழிக்கும் நோய். முறிந்த முதன்மைச் சுருள்வில்லை மாற்றலாம். நீக்கிய பழைய உறுப்பைக் குப்பையில் எறியாமல், சிறு உறையிலிட்டுக் குறிப்பெழுதிக் கடிகாரத்தோடு வைத்தல் வேண்டும்.

முகப்பில் கைவைக்காமையே பெரும்பாலும் சிறந்த சீரமைப்பு. எழுத்துகள் மெல்லிய மையினாலும் அரக்குப் பூச்சினாலும் ஆனவை. ஈரத்துணியால் துடைத்தாலே நிறுவனப் பெயர் அழிந்துவிடக்கூடும். இருளில் ஒளிரும் எண்களையும் முட்களையும் உடைய கடிகாரங்களில் தனிக்கவனம் தேவை. 1960-கள் வரையில் இதற்கு ரேடியம் பயன்பட்டது. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டு. ஒளிரும் சேர்மம் சிதைந்து ஒளி அணைந்த பின்னரும் கதிரியக்கம் ஓயாது. அப்பூச்சைச் சுரண்டுவது சான்றையும் அழிக்கும். அதன் துகளை மூச்சில் இழுப்பது உடலுக்கும் தீங்கு. இத்தகைய கடிகாரத்தைப் பயிற்சி பெற்றவரே திறத்தல் வேண்டும்.

உறையை மெருகேற்றுதலே மிகுதியாக நிகழும் பிழை. மெருகு என்பது உலோகத்தைத் தேய்த்து நீக்குவதே. நீக்கியதை மீட்டல் இயலாது. கூர்விளிம்புகள் மழுங்கும், பின்மூடியின் வரிசை எண்களும் பொறிப்புகளும் மறையும். தோட்டப்புறக் கடிகாரத்தில் இழப்பு இன்னும் பெரிது. பாலைக் கெட்டியாக்கப் பார்மிக் அமிலமும், உறையாமல் காக்க அம்மோனியாவும் பயன்படும் தொழில் இது. அம்மோனியா பித்தளையை அரிக்க வல்லது. ஸ்டோரிலும் பால் கொட்டகையிலும் பணியாற்றியவரின் கடிகாரத்தில் காணப்படும் அரிப்பு, வியர்வையால் மட்டும் விளைந்ததா அன்றித் தொழிலால் விளைந்ததா என்பது ஆய்வுக்குரிய வினா. மெருகேற்றிய பின்னர் அவ்வினாவை எழுப்பவே இயலாது.

கண்ணாடியும் வாரும் நுகர்பொருள்கள். மஞ்சளித்து வெடித்த கண்ணாடி ஈரத்தை உள்ளே விடுமாயின் மாற்றலாம். வார் பெரும்பாலும் பலமுறை மாறியிருக்கும். எனினும் இறுதியாக இருந்த வாரைத் தனியே காத்தல் நன்று. அதன் தேய்ந்த துளை அணிந்தவரின் மணிக்கட்டு அளவைக் காட்டும்.

அனைத்துக்கும் முற்பட்ட பணி பதிவு. திறப்பதற்கு முன்னும் திறந்த பின்னும் நிழற்படம் எடுத்தல், உட்புறக் கீறல்களைப் படியெடுத்தல், இயந்திர எண்ணையும் உறை எண்ணையும் குறித்தல், குடும்பத்தாரின் வாய்மொழியைப் பதிதல் ஆகியன முதலில் நிகழ வேண்டும். லாஞ்ஜின்ஸ் போன்ற நிறுவனங்கள் தம் பழைய பதிவேடுகளைப் பேணி வருகின்றன. இயந்திர எண்ணைக் கொண்டு செய்யப்பட்ட காலத்தை அறிய வாய்ப்புண்டு.

ஓடுவதா, ஓய்வதா?

சீரமைத்த கடிகாரம் ஓட வேண்டுமா என்பது இறுதி வினா. கடலில் நெட்டாங்கு காணும் சிக்கலைத் தீர்த்த சான் ஆரிசனின் காலமானிகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அவற்றை, கடற்படை அதிகாரி ரூபர்ட் கூல்ட் 1920-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் உழைத்துச் சீரமைத்தார். செய்தவற்றைக் குறிப்பேடுகளில் எழுதியும் வைத்தார். இன்று கிரீனிச்சில் முதல் மூன்று காலமானிகள் ஓடக்கூடிய நிலையில் உள்ளன. புகழ்மிக்க நான்காவது, ஒரு பெரிய சட்டைப்பைக் கடிகாரத்தின் வடிவினது. அது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. எண்ணெய் வேண்டும் அமைப்பாதலால், ஓடினால் தேயும் என்பதே காரணம். ஓட இயலாமையால் அன்று, காக்க வேண்டியே அது நிற்கிறது.

ஒரு தோட்டக் குடும்பத்தின் கடிகாரத்துக்கு இவ்விதியை அப்படியே பொருத்த வேண்டியதில்லை. பாட்டனாரின் கடிகாரம் ஓடுவதைக் கேட்கும் உரிமை பேரனுக்கு உண்டு. பயன்பாடும் மரபின் ஒரு கூறே. மாதம் ஒருமுறையோ குடும்ப நிகழ்வுகளின்போதோ சாவி கொடுத்தல் போதும். நாள்தோறும் அணிய விரும்புவோர், அதனால் தேய்வது எது என்பதை அறிந்து முடிவு செய்தல் வேண்டும்.

மணிக்கூண்டு தரும் படிப்பினை

மாற்றம் சில வேளைகளில் தவிர்க்க இயலாததாகவும் நியாயமானதாகவும் அமையும். 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பேராக்கின் முதல் பிரித்தானிய ரெசிடெண்டு பர்ச்சின் நினைவாக, அவர் மகனே ரெசிடெண்டாக இருந்த காலத்தில் எழுந்தது ஈப்போ மணிக்கூண்டு. அதன் சுவர்களில் உலக நாகரிகத்தின் வளர்ச்சியைக் காட்டும் 44 உருவங்கள் தீட்டப்பட்டன. அவற்றுள் நபிகள் நாயகத்தைக் குறித்த உருவம், இசுலாமியச் சமய உணர்வை மதித்துப் பின்னாளில் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. அம்மணிக்கூண்டு நிற்கும் சாலை இன்று, பர்ச் கொலை வழக்கில் 1877-இல் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோரின் பெயரைத் தாங்குகிறது. நினைவுச்சின்னம் இடிக்கப்படவில்லை, அதன் பொருளோ மாறிவிட்டது. மாற்றம் நிகழ்ந்தமை ஊரறிந்ததாக இருப்பதால் இரு காலங்களையும் நாம் ஒருங்கே படிக்க முடிகிறது. கடிகாரச் சீரமைப்புக்கும் இதுவே விதி. மாற்றுவதற்குக் காரணம் இருக்கலாம். மாற்றியதை மறைப்பதற்குக் காரணம் இல்லை.

முடிவுரை

தோட்டத் துண்டாடலின் கொடுமையை நேரிற்கண்ட துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நிலத்தைக் காக்கும் முயற்சி அங்ஙனம் தொடங்கியது. நினைவைக் காக்கும் முயற்சி அத்தகைய அமைப்பு வலிமையை இன்னும் பெறவில்லை. 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் பெரும் சின்னங்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. இழுப்பறையில் கிடக்கும் கடிகாரத்தைக் காக்கும் பொறுப்பு குடும்பத்தையும் ஆசிரியரையும் ஆய்வாளரையுமே சாரும்.

1969-இல் குவார்ட்சு கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தபின் சாவிக் கடிகாரம் பழுதுபார்க்கும் தொழில் தேய்ந்துவந்துள்ளது. பின்மூடியின் கீறல்களைப் படித்தறியவல்ல முதியவர்கள் குறைந்து வருகின்றனர். தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றுப் பாடத்தில், மாணவர் தம் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றனைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதும் பயிற்சியைச் சேர்க்கலாம். யாருடையது, எத்தோட்டத்தில் இருந்தது, எப்பொழுது நின்றது, யார் பழுதுபார்த்தார் என்னும் நான்கு வினாக்களே தொடக்கத்துக்குப் போதும். பல்கலைக்கழகத் துறைகள் அக்குறிப்புகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தலாம். கடிகாரத்தைக் கடைக்கு எடுத்துச் செல்வதற்கு முன்னர் இக்குறிப்பு எழுதப்படுதல் வேண்டும். மெருகேறித் திரும்பிய பின்னர் எழுதுவதற்கு எஞ்சியிருப்பது குறைவாகவே இருக்கும்.

பெரட்டு மணிக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த ஒரு சமுதாயத்தார் தம் கையில் கட்டிய கடிகாரம், அவர்கள் காலத்தைத் தமதாக்கிக்கொள்ள முயன்றமைக்குச் சான்றாகும். அதன் கீறல்களையும் கறைகளையும் பொருந்தாச் சாவியையும் அவ்வண்ணமே விட்டு, இயந்திரத்தின் நோயை மட்டும் நீக்கித் தருவதே தக்க சீரமைப்பு எனக் கொள்ளலாம்.